கணக்கை அழிக்கும் முன், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார், ஆரி வேலையும் செய்கிறார். 2014-ல் கொழுந்தனார்தான் தன் செல் நம்பரைப் போட்டு இவருக்கு ஃபேஸ்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். கொழுந்தனார் சிங்கப்பூர் போய் மூன்று வருடம் ஆகிறது. சென்ற வைகாசியில் 13 வயது மகளுக்கு மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். பத்திரிகை, மண்டப வாசல் பிளக்ஸ், தாய்மாமன் சீர், மகளின் அலங்காரம் என்று 43 படங்களை இவரே ஃபேஸ்புக்கில் போட்டார். நாத்தனார் தன் பக்கத்தில் தனியாகப் போட்டார். படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் கடை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் ஆக்கிவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் இவர் பெயரிலேயே இன்னொரு கணக்கு முளைத்தது. மகளோடு நிற்கும் அதே முகப்புப் படம். அதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நட்பு அழைப்பு போனது. பின்னாலேயே, "அவசரம், ஜிபேல போடுங்க, சாயங்காலம் தர்றேன்" என்று மெசேஜ் போனது. சித்தி ஒருவர் நம்பி 4,000 ரூபாய் அனுப்பிவிட்டார். இதே சமயத்தில்தான், இலவசத் தையல் மிஷின் தருவதாகச் சொன்ன ஒரு பக்கத்துக்குத் தன் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்பியதும் இவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

பதறிப்போய், "என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதி இல்லை" என்று ஊரில் சுற்றும் அறிவிப்பை எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டினார். கணவரோ, "கணக்கை அழிச்சுப் போடு. போலீஸெல்லாம் வேண்டாம், பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு" என்கிறார். இவர் கேட்பது இதுதான்: கணக்கை அழித்தால் எல்லாம் போய்விடுமா? நாத்தனார் மீதும் ஸ்டுடியோ மீதும் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? தனிநபர் தரவுக்கென்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே, அதில் நோட்டீஸ் விடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

"எல்லாம் என் தப்புதான், பெருமைக்கு ஆசைப்பட்டுப் போட்டேன்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைக்குச் சடங்கு வைத்தால் ஊருக்குச் சொல்வது நம் வழக்கம்தானே. பங்காளிகள் பெயர், தாய்மாமன் ஊர், செல் நம்பர் எல்லாம் போட்டுப் பத்திரிகை அடித்து முந்நூறு வீட்டுக்குக் கொடுக்கிறோம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் கட்டுகிறோம். ஆனால் பத்திரிகை மறுமாதம் பரணுக்குப் போய்விடும், பிளக்ஸ் மாட்டுத் தொழுவத்துக் கூரைக்குப் போய்விடும். ஃபேஸ்புக்கில் போட்டது போட்டபடியே இருக்கும், பேரைத் தட்டினால் முன்பின் தெரியாதவனுக்கும் வரும். இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு செய்தவன் உங்கள் பெயரைச் சொல்லிக் காசு கேட்டவன்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. எதை முன்னால் செய்கிறீர்கள், எதைப் பின்னால் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் கணவர் முதலில் செய்யச் சொல்வதை நான் கடைசியில் வைக்கிறேன்.

கணக்கை இப்போது அழிக்காதீர்கள்

உங்கள் பெயரில் இன்று இரண்டு கணக்குகள் இருக்கின்றன. அசலை அழித்துவிட்டால் போலி மட்டும்தான் மிஞ்சும். உங்கள் பெயரைத் தேடும் அத்தை, சித்தப்பாவுக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் படும். "இது நான் இல்லை, இதோ பாருங்கள் என் பழைய கணக்கு" என்று நிறுவனத்திடமோ காவல்துறையிடமோ காட்டுவதற்கும் எதுவும் இருக்காது. பத்து வருடக் கணக்கு, அதிலுள்ள நூற்றுக்கணக்கான சொந்தங்கள், பழைய பதிவுகள் எல்லாம் நீங்கள்தான் அசல் என்பதற்கு அத்தாட்சி. அதை நாமே கொளுத்திவிடக் கூடாது.

அழித்தால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. ஃபேஸ்புக்கில் தற்காலிகமாக முடக்குவது வேறு, நிரந்தரமாக அழிப்பது வேறு. முடக்கினால் உங்கள் பக்கம் மறைந்திருக்கும், தகவலெல்லாம் அவர்களிடம் அப்படியே இருக்கும். அழிக்கச் சொன்னால் 30 நாள் அவகாசம் தருவார்கள், அதற்குள் நீங்கள் திரும்ப உள்ளே நுழைந்தால் ரத்து செய்துகொள்ளலாம். அதன் பிறகும் அவர்களுடைய கணினிகளிலிருந்து முழுவதும் நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் பிறருக்கு அனுப்பிய மெசேஜ்கள் அவர்களுடைய பெட்டியில் இருக்கும். நாத்தனார் போட்டது நாத்தனார் பக்கத்தில் இருக்கும். போலிக் கணக்குக்காரன் இறக்கி வைத்துக்கொண்ட படம் அவன் செல்லில் இருக்கும். உங்கள் கணக்கை அழிப்பதால் இவற்றில் ஒன்றும் அசையாது.

எல்லாம் முடிந்த பிறகு, எனக்கு இந்த ஃபேஸ்புக்கே வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக அழியுங்கள். அதற்கு முன் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய், உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி முழுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி இப்போது யாரிடம்?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது போலிக் கணக்குகூட இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "கொழுந்தனார் அந்த நம்பரை இப்போது ரீசார்ஜ் பண்ணுவதில்லை."

ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து செல்போன் நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். 2023-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்ன விஷயம் இது. மூன்று வருடத்தில் அந்த எண் இந்நேரம் யாரோ ஒருவர் கையில் இருக்கலாம். அவர் ஃபேஸ்புக்கில் அந்த எண்ணைப் போட்டு, "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் ஆறு இலக்கக் குறியீடு அவருடைய செல்லுக்குத்தான் வரும். உங்கள் கணக்கு அவருக்குத் திறந்துவிடும். கணக்கில் எந்த எண்ணும் எந்த மின்னஞ்சலும் பதிவாகியிருக்கிறதோ, அவை யார் கையில் இருக்கின்றனவோ, கணக்கும் அவர் கையில்தான். பெயரும் படமும் உங்களுடையதாக இருந்து பிரயோஜனம் இல்லை.

அதனால் முதல் வேலை இதுதான். உங்கள் செல்லில் கணக்கு திறந்திருக்கும்போதே அமைப்புகளுக்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர் போய், உங்கள் சொந்த எண்ணைச் சேருங்கள். நீங்கள் மட்டும் திறக்கிற மின்னஞ்சல் ஒன்றைச் சேருங்கள். இரண்டும் உறுதியான பிறகு கொழுந்தனார் எண்ணை நீக்குங்கள். வரிசை முக்கியம், பழையதை முதலில் நீக்கிவிட்டால் நீங்களே வெளியில் நிற்க வேண்டி வரும். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மகள் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்ப்பது வேண்டாம், பத்திரிகையைப் பார்த்தவன் பாதியை ஊகித்துவிடுவான். பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். கணக்கு எந்தெந்தச் செல்லில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அதில் நீங்கள் விற்றுவிட்ட பழைய செல்லோ, தெரியாத ஊரோ இருந்தால் வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பிலும் இணைந்த கருவிகள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கொழுந்தனாரிடம் இதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். உங்கள் மேல் சந்தேகப்படுகிறேன் என்பதுபோல ஆகிவிடும் என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். "தம்பி, நீங்க அந்த நம்பரை விட்டதால அது வேற ஆளுக்குப் போயிருக்குமாம், அதான் மாத்துறேன்" என்றால் அவருக்கே புரியும். தன் பேங்க் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று அவரும் உடனே பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

போலிக் கணக்கை இறக்குவது

உங்கள் கணக்கை யாரோ "ஹேக்" பண்ணிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் விவரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உங்கள் கணக்கு உங்களுக்குத் திறக்கிறது, மெசேஜ்களும் வேறொரு கணக்கிலிருந்து போயிருக்கின்றன. இது நகல் எடுத்த வேலை. இதற்கு அவனுக்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை. எல்லோரும் பார்க்கும்படி இருந்த முகப்புப் படமும், எல்லோரும் பார்க்கும்படி இருந்த நண்பர்கள் பட்டியலும் போதும். படத்தை எடுத்தான், பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அழைப்பு விட்டான்.

முதலில் ஆதாரம். போலிப் பக்கத்தைத் திறந்து அதன் இணைப்பை நகலெடுத்து ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். பலரும் பெயர் தெரிகிற மாதிரி மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் நாளைக்கே பெயரை மாற்றிவிட்டால் அது உதவாது. பக்கத்தின் இணைப்பு இருந்தால் காவல்துறை நிறுவனத்திடம் விவரம் கேட்க முடியும். முகப்பு, போட்டிருக்கும் படங்கள், சித்திக்கு வந்த மெசேஜ் முழுவதும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுங்கள். சித்தி தன் செல்லிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், மூலம் இருக்கிற அந்தச் செல் கையில் இருந்தால் அது சுலபம்.

பிறகு போலிப் பக்கத்தின் மூன்று புள்ளியை அழுத்தி, என்னைப் போல் நடிக்கிறார் என்று புகார் செய்யுங்கள். உறவினர்கள், என் தோழியைப் போல் நடிக்கிறார் என்று உங்கள் அசல் கணக்கைக் காட்டிப் புகார் செய்யட்டும். ஆள்மாறாட்டக் கணக்கைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தன. உருமாற்றப்பட்ட படத்துக்கும் இதே விதி பொருந்தும். ஒவ்வொரு பெரிய நிறுவனமும் இந்தியாவில் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பதில் வராவிட்டால், இந்த விதியைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதுங்கள். அவர் முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். நம் ஆட்கள் இந்தப் படியைப் பயன்படுத்துவதே இல்லை.

இன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். எழுதினால் பெரியவர்கள் படிக்க மாட்டார்கள். "என் பேர்ல யார் காசு கேட்டாலும் எனக்கு போன் போட்டு என் குரலைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று சொன்னால் போதும். அந்தப் போலிக் கணக்கோடு நீங்களோ உங்கள் கணவரோ சண்டைக்குப் போக வேண்டாம். திட்டினால் உஷாராகிவிடுவான், ஆதாரம் மறையும்.

நாத்தனாரும் ஸ்டுடியோக்காரரும்

இரண்டு பேரும் செய்தது ஒன்றுபோலத் தெரிந்தாலும் சட்டத்தில் இரண்டும் வேறு. ஸ்டுடியோக்காரர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக நிலைமை உங்கள் பக்கம் இருக்கிறது.

"அவர்தான் எடுத்தார், அதனால் படம் அவருடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். சடங்குக்கு ஆல்பம் பேசி முன்பணம் கொடுத்தது நீங்கள். எனவே உரிமை உங்களுடையது. அவர் கொடுத்த பில்லைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்று அச்சடித்திருந்து அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த மாதிரி வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்புங்கள்:

"எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் பணம் கொடுத்து எடுத்த படங்களையும் வீடியோவையும் எங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள். அதில் 18 வயது நிரம்பாத எங்கள் மகளின் முகமும் மண்டபத்தின் பெயரும் தெரிகின்றன. இரண்டு நாளுக்குள் நீக்கிவிட்டுத் தெரிவிக்கவும். இனி விளம்பரத்துக்கு எங்கள் படங்கள் எதையும் பயன்படுத்த வேண்டாம்."

பெரும்பாலும் இதிலேயே எடுத்துவிடுவார். உள்ளூரில் கடை நடத்துகிறவருக்குப் பெயர் முக்கியம். எடுக்காவிட்டால் இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமைப் புகார் கொடுக்கத் தனிப் படிவமே இருக்கிறது, பில்லை இணைத்து அதில் போடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்கும் பிறகுதான்.

நாத்தனார் மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், அந்த வழியில் போகாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். அது பெரிய தீர்ப்பு. ஆனால் விசேஷ வீட்டில் எடுத்த சாதாரணப் படத்தை உறவுக்காரர் பகிர்ந்தால் குற்றம் என்று சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. யாரோ உங்களுக்குக் காட்டிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவு, உடலின் மறைவிடங்களை அனுமதியின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் பற்றியது. சீர்வரிசைப் படத்துக்கு அது பொருந்தாது.

உங்கள் கணவர் தன் அக்காவிடம் பேசுவதுதான் சரி. நீங்கள் பேசுவதென்றால், "மதினி, பாப்பா படத்தை வச்சு எவனோ காசு வசூல் பண்றான். நீங்க போட்டதையும் எடுத்துருங்க, இல்லாட்டி ஃபிரண்ட்ஸ் மட்டும் பார்க்கிற மாதிரி மாத்திக்கிடுங்க" என்று நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். "நீங்க ஏன் போட்டீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு பழைய மனஸ்தாபத்துக்குப் போய்விடும். உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. அவர் உங்களை டேக் செய்திருந்தால் நீக்கிக்கொள்ளுங்கள், இனி யார் டேக் செய்தாலும் நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி மாற்றுங்கள்.

புதுச் சட்டத்தில் நோட்டீஸ் விடலாமா?

நீங்கள் கேள்விப்பட்டது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. அது முழுதாக வந்த பிறகும் உங்கள் பிரச்சினையில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். வீட்டு விஷயமாக, சொந்த உபயோகத்துக்காக ஒரு தனி மனிதர் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நாத்தனார் அதில் வர மாட்டார். நீங்களே ஊரறிய வெளியிட்ட தகவலுக்கும் அது பொருந்தாது. பத்திரிகையையும் பிளக்ஸையும் "பப்ளிக்" என்று போட்டபோது, அந்த விவரங்களை அந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே நீங்களே எடுத்து வைத்துவிட்டீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் அந்தச் சட்டம் நல்லதைச் செய்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. அது வரட்டும். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் ஆயுதங்கள் 2021 விதிகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளும்தான்.

நீங்கள் ஒட்டிய "அனுமதி இல்லை" அறிவிப்பை எடுத்துவிடலாம். பத்து வருடத்துக்கும் மேலாக வேறு வேறு வடிவில் சுற்றுவது அது. கணக்கு தொடங்கும்போது நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை நம் சுவரில் எழுதி மாற்ற முடியாது. அந்த நிபந்தனைப்படி படம் உங்களுக்கே சொந்தம், அதைக் காட்டவும் பயன்படுத்தவும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருக்கிறீர்கள். படத்தை நீக்கி, அது அவர்களுடைய கணினிகளிலிருந்தும் போனதும் அந்த உரிமம் முடிகிறது.

அறிவிப்புக்குப் பதிலாக அமைப்புகளில் மூன்றைச் செய்யுங்கள். நண்பர்கள் பட்டியலை "ஒன்லி மீ" ஆக்குங்கள். பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். செல் நம்பரை வைத்து உங்களைத் தேட முடியாதபடி செய்யுங்கள். 2021-ல் உலகம் முழுக்க 53 கோடிப் பேருக்கு மேல் ஃபேஸ்புக் விவரங்கள் செல் நம்பரோடு வெளியே வந்தன. நண்பர்களைக் கண்டுபிடிக்கச் செல்லில் உள்ள எண்களை ஏற்றும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தித்தான் அவற்றை எடுத்தார்கள் என்று நிறுவனமே சொன்னது.

"நீங்கள் முற்பிறவியில் யார்" மாதிரி விளையாட்டுகளை உங்கள் மகள் விளையாடுவதாக எழுதியிருந்தீர்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் போனதாக 2018-ல் வெளியான விவகாரத்தில், அப்படியொரு கேள்வி-பதில் செயலியை இந்தியாவில் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர்தான். அவர்கள் வழியாக, நண்பர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சுமார் 5.62 லட்சம் இந்தியர்களின் விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்னது. இதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

காவல் நிலையம் போவது பற்றி

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளையின் படம், பெயர், நாளைக்கு யார் என்ன பேசுவார்கள் என்ற கவலை எந்தத் தகப்பனுக்கும் வரும். ஆனால் இங்கே கொடுக்கப் போகிற புகார், "என் பெயரில் போலிக் கணக்கு வைத்துப் பணம் பறிக்கிறார்கள்" என்பது. புகார்தாரர் நீங்கள். மகளின் பெயரை அதில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, "என் குடும்பப் படம்" என்றால் போதும். மகள் காவல் நிலையப் படியேற வேண்டியதும் இல்லை. பெண்களைச் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ஆம் பிரிவே சொல்கிறது.

புகார் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கணக்கிலிருந்து வேறு யாராவது ஐம்பதாயிரம் ஏமாந்தால், முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு உங்கள் கையில் தேதியிட்ட புகார் எண் ஒன்று இருந்தால், பேச்சு அங்கேயே முடியும்.

பணத்துக்கான புகாரைச் சித்தி கொடுக்க வேண்டும், ஏனென்றால் போனது அவர் பணம். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால் எதிர்ப்பக்கக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க அதிக வாய்ப்பு இருந்திருக்கும். மூன்று வாரம் ஆனதால் பணம் திரும்புவது சிரமம்தான், இருந்தாலும் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற தடயம் அதில்தான் கிடைக்கும். ஆள்மாறாட்டப் புகாரை நீங்கள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், அல்லது நேரில் போகலாம். மதுரை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எல்லையில் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-சி அடையாளத் திருட்டு, 66-டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

"எங்கள் எல்லை இல்லை" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல், எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தின் தகவலைப் பதிய வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. குறைந்தபட்சம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம்.

கடவுள் புண்ணியத்தில் இதுவரை நடக்கவில்லை, ஆனால் மகளின் படத்தை ஆபாசமாக மாற்றினாலோ, மாற்றுவேன் என்று மிரட்டினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அது போக்சோ சட்டத்தின் கீழும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின் கீழும் வரும். பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டமே தடுக்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். அப்படியொரு படம் வந்தால் "பார், என்ன பண்ணியிருக்கான்" என்று காட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

ஆதார் விஷயத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். ஆதாருக்கான அரசுச் செயலியில் கைரேகை, கண்விழிப் பதிவைப் பூட்டிவிடுங்கள், உங்கள் எண் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதிலேயே கிடைக்கும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லலாம். இனி யார் கேட்டாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். ஆரி வேலை அருமை, அந்த மயில் கழுத்து பிளவுஸைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் அதை உடுத்தியிருக்கும் கல்யாணப் பெண்ணின் முகமும், பெயரும், ஊரும் அங்கே இருக்கின்றன. அவரிடம் கேட்டுப் போட்டீர்களா? தையலுக்குத் தனியாக ஒரு பக்கம் தொடங்கி அதை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள், பிளவுஸ் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கைப் பூட்டிவிடுங்கள். ஆர்டரும் குறையாது, வீடும் வெளியே தெரியாது.

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. படங்களில் இருப்பது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த 43 படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். பத்திரிகை, பிளக்ஸ், பள்ளிச் சீருடை தெரிகிற படம் இவற்றை நீங்கள் நீக்குங்கள். மற்றதில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்று அவள் சொல்லட்டும்.

காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், சட்ட உதவி எண்ணான 15100-க்கும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போகும்போது போலிப் பக்கத்தின் இணைப்பு எழுதிய தாள், ஸ்கிரீன்ஷாட் பிரதிகள், சித்தியின் பரிவர்த்தனை எண், ஸ்டுடியோ பில் நான்கையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். புகார் எண் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.